ரூம்ல இருக்கற காத்து எவ்ளோ பழசுனு சொல்ற சின்ன டப்பா: எட்டு மாசம் சிஓ2 மானிட்டர் யூஸ் பண்ண அனுபவம்

டாக்டர பாக்க வெயிட் பண்ற ரூம்ல உக்காந்து பைக்குள்ள இருந்து மானிட்டர எடுத்து பாத்தா 2,360னு காட்டுது. பத்து நிமிஷம் முன்னாடி வெளில தெருவுல இதே மெஷின் 430 தான் காட்டுச்சு. சுத்தி பதினாலு பேரு, அதுல மூணு பேரு விடாம இருமுறாங்க, ஒரு பாப்பா அவங்க அம்மா தோள்ல சாஞ்சு தூங்குது, ஜன்னல் எல்லாம் மூடி ஏசி ஓடுது. ஜில்லுனு இருக்கறதால இது பழைய காத்துனு யாருக்கும் தோணவே தோணாது, எனக்கும் இந்த டப்பா இல்லாட்டி தோணிருக்காது. ரிசப்ஷன் மேஜை மேல சானிடைசர் பாட்டில் மட்டும் இன்னும் இருக்கு. நான் எங்க அம்மாவ எழுப்பி கூட்டிட்டு வெளில வராண்டாவுல போய் நின்னுட்டேன், பேரு கூப்பிட்டா சொல்லுங்கன்னு அந்த ரிசப்ஷன் பொண்ணுகிட்ட சொல்லிட்டு. அன்னிக்கு தான் இத பத்தி முழுசா எழுதிடணும்னு முடிவு பண்ணேன்.

மொதல்ல பொருள் என்னன்னு சொல்லிடுறேன். உள்ளங்கைக்குள்ள அடங்குற டப்பா, ரெண்டு பென்சில் பேட்டரி, இ-இங்க் ஸ்க்ரீன், அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ காத்துல கார்பன் டை ஆக்சைடு எவ்ளோ இருக்குன்னு அளந்து காட்டும், கூடவே டெம்பரேச்சர், ஈரப்பதம். ப்ளூடூத்ல போன் ஆப்போட சேத்துட்டா பழைய ரீடிங் எல்லாம் கிராஃபா வரும். பிராண்ட் பேரு வேணும்னே போடல, ஏன்னா இதுல பாக்க வேண்டியது பேரு இல்ல, உள்ள இருக்கற சென்சார். என்டிஐஆர்னு போட்டிருக்கணும். அது என்ன பண்ணும்னா அகச்சிவப்பு ஒளிய உள்ள அடிச்சு, 4.26 மைக்ரான் அலைநீளத்துல எவ்ளோ ஒளி காணாம போகுதுன்னு பாக்கும், அந்த அலைநீளத்த கார்பன் டை ஆக்சைடு நல்லா உறிஞ்சும், அதனால கணக்கு சரியா வரும். மலிவா கிடைக்கற நிறைய டப்பாவுல இந்த சென்சாரே கிடையாது, வேற ஏதோ வாயுவ மோந்து பாத்து இவ்ளோ இருக்கும்னு ஒரு குத்துமதிப்பு நம்பர போடும். நான் மொதல்ல வாங்குனது அந்த மாதிரி ஒண்ணு தான், ஒரு வாரம் அத நம்பிட்டு வேற இருந்தேன். கண்டுபிடிக்க சுலபமான வழி இருக்கு, சானிடைசர கையில தேச்சுட்டு டப்பா பக்கத்துல கொண்டு போங்க, நம்பர் எகிறுனா அது அளக்கறது சாராய வாடைய, கார்பன் டை ஆக்சைட இல்ல. உடனே திருப்பி அனுப்பிடுங்க.

சரி இந்த நம்பர வச்சு என்ன தெரிஞ்சுக்கறது? வெளிக்காத்துல இப்போ 420 பிபிஎம்க்கு கொஞ்சம் மேல இருக்கு, பிபிஎம்னா பத்து லட்சத்துல எத்தன பங்குங்கற கணக்கு. நாம விடுற மூச்சுல கிட்டத்தட்ட 40,000. அதனால அடுப்பு எதுவும் எரியாத மூடுன ரூம்ல 420க்கு மேல ஏறுறது எல்லாம் யாரோ ஒருத்தர் நுரையீரலுக்குள்ள போய்ட்டு வந்த காத்து. அந்த 2,360க்கு கணக்கு போட்டு பாத்தேன், 1,940ஐ 40,000ஆல வகுத்தா கிட்டத்தட்ட 5 சதவீதம், அதாவது நாம இழுக்கற இருபது மூச்சுல ஒரு மூச்சு முழுக்க அடுத்தவங்க விட்டது. இருமுற மூணு பேரும் அதுல அடக்கம். யாராவது குடிச்சு மிச்சம் வச்ச தண்ணிய நாம குடிப்போமா, ஆனா காத்துல அத தான் தினமும் பண்றோம், கண்ணுக்கு தெரியாததால சும்மா இருக்கோம்.

எட்டு மாசத்துல எங்க எங்க கொண்டு போனேன்னா, எங்க பெட்ரூம், ரெண்டு பேரு தூங்கி எந்திரிச்சா கதவு மூடி இருந்தா 1,900, கதவ ஒரு சாண் திறந்து வச்சா 1,100. ஆபீஸ் மீட்டிங் ரூம்ல எட்டு பேரு ஒரு மணி நேரம், முடியறப்ப 1,750, எல்லாரும் கொட்டாவி விடுறோம். பஸ்ல ஜன்னல் திறந்தா 600, ஏசி பஸ்னா 2,000 தாண்டும். நம்மள்ல முக்காவாசி பேரு ஏசி வெளிக்காத்த உள்ள கொண்டு வருதுன்னு நினைச்சிட்டு இருக்கோம், சுவத்துல மாட்டுற சாதாரண ஸ்ப்ளிட் ஏசி அத பண்றதே இல்ல, இருக்கற காத்தையே சுத்த விட்டு குளுராக்கி குடுக்கும், அவ்ளோ தான். இது தெரியாததால தான் ஜில்லுனு இருந்தா சுத்தம்னு நம்பிடறோம்.

இப்போ எனக்கு மனசு ஆறாத விஷயத்துக்கு வரேன். 2020 மார்ச் ஏப்ரல்ல வீட்டுக்கு வர்ற ஒவ்வொரு பாக்கெட்டையும் சோப்பு தண்ணில கழுவி வெயில்ல காய வச்ச ஆளு நான், அம்மாவ எதையும் தொட விடல, கதவு தாழ்ப்பாள் கூட துடைச்சோம். அதே சமயம் சொந்தக்காரங்க பாக்க வந்தப்ப ஜன்னல மூடி ஏசிய போட்டு எல்லாரையும் ஆறடி தள்ளி உக்கார வச்சிருக்கேன், பத்திரமா இருக்கோம்னு நினைச்சு. யாரு சொன்னத கேட்டு அப்டி பண்ணேன்? 2020 மார்ச் 28ல உலக சுகாதார நிறுவனம் ட்விட்டர்ல கோவிட் காத்துல பரவாதுன்னு, அதுவும் உண்மைத் தகவல்னு தலைப்பு போட்டு சொல்லுச்சு. அதுக்கு 18 நாள் முன்னாடி, மார்ச் 10ல, அமெரிக்காவுல வாஷிங்டன் மாகாணத்துல ஸ்காஜிட் வேலி கோரேல்னு ஒரு பாட்டு குழு ரெண்டரை மணி நேரம் ஒரு ஹால்ல ஒத்திகை பாத்தாங்க, 61 பேரு, ஒருத்தருக்கு மட்டும் ஜலதோஷம் மாதிரி இருந்துச்சு. கைகுலுக்கல, கட்டிப்புடிக்கல, வாசல்ல சானிடைசர் வச்சிருந்தாங்க. அந்த குழுவுல 53 பேருக்கு நோய் வந்துச்சு, ரெண்டு பேரு செத்தே போய்ட்டாங்க. அவங்க கைய பத்தி சொன்ன விதிய கடைபுடிச்சாங்க, காத்த பத்தி தான் யாரும் சொல்லல.

இந்த தப்பு எங்கருந்து வந்துச்சுன்னு படிக்க ஆரம்பிச்சு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் படிச்சிருக்கேன். பழைய காலத்துல எல்லா நோயும் கெட்ட காத்தால வருதுன்னு நம்புனாங்க, அது தப்புன்னு தெரிஞ்சதுக்கு அப்புறம் ஊசல் அந்தப்பக்கம் முழுசா போயிடுச்சு, 1910 வாக்குல சார்லஸ் சாப்பின்னு அமெரிக்க பொது சுகாதார அதிகாரி காத்து வழியா பரவுறத பத்தி பெருசா கவலப்பட வேணாம், கிட்ட போறதும் தொடறதும் தான் பிரச்சனைன்னு அழுத்தி சொன்னார், அது தான் பல தலைமுறைக்கு பாடமா போச்சு. அதுக்கப்புறம் இருமுறப்ப பேசுறப்ப வர்ற துளிக்கு 5 மைக்ரான்னு ஒரு கோடு (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு), அத விட பெரிய துளி எல்லாம் உடனே கீழ விழுந்துடும், அதனால ஆறடி போதும்னு. லின்ஸி மார், கேட்டி ராண்டால்னு ஆராய்ச்சியாளர்கள் பழைய பேப்பர எல்லாம் தோண்டி பாத்தா அந்த 5 மைக்ரான் டிபி கிருமி நுரையீரல் ஆழத்துக்கு போக எவ்ளோ சின்னதா இருக்கணும்ங்கற வேற கணக்கு, சீக்கிரம் கீழ விழற துளிக்கு 1930கள்ல வில்லியம் வெல்ஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர் சொன்னது 100 மைக்ரான். ரெண்டு கணக்கும் எங்கயோ கலந்துடுச்சு, பாடப்புத்தகத்துல ஏறிடுச்சு, யாரும் திரும்ப செக் பண்ணல. அந்த ஒரு நம்பர நம்பி தான் உலகம் முழுக்க பிளாஸ்டிக் தடுப்பு மாட்டி தரைல வட்டம் வரைஞ்சாங்க. 2020 ஜூலைல லிடியா மொராவ்ஸ்காவும் டொனால்ட் மில்டனும் எழுதுன கடிதத்துக்கு 239 விஞ்ஞானிகள் ஆதரவு குடுத்தாங்க, காத்துல பரவுறத கணக்குல எடுங்கன்னு. அதுக்கப்புறமும் தெளிவா ஒத்துக்க 2021 ஆச்சு, காத்துல பரவுறத எந்த வார்த்தைல சொல்றதுன்னு ஒழுங்கு பண்ணி உலக சுகாதார நிறுவனம் அறிக்கை விட்டது 2024 ஏப்ரல்ல. 2020லயும் 2021லயும் மட்டும் கோவிட்டால நேரடியாவோ மறைமுகமாவோ கூடுதலா செத்தவங்க சுமார் 1 கோடியே 49 லட்சம்னு அதே நிறுவனம் கணக்கு போட்டிருக்கு. அதுல எத்தன பேரு ஜன்னல திறந்திருந்தா இருந்திருப்பாங்கன்னு யாராலயும் சொல்ல முடியாது, ஆனா எனக்கு அந்த கேள்விய விட முடியல.

தெரியாம போனதுக்கு யாரையும் குத்தம் சொல்ல மாட்டேன், புது நோய். ஆனா தெரியாதப்ப என்ன பண்ணனும்ங்கறது முன்னாடியே எழுதி வச்ச பாடம். 2003ல சார்ஸ் வந்தப்ப ஹாங்காங் அமாய் கார்டன்ஸ் குடியிருப்புல 300 பேருக்கு மேல நோய் வந்து, காத்து வழியா கட்டிடத்துக்கு கட்டிடம் போயிருக்குன்னு ஆராய்ச்சி வந்துச்சு. கனடாவுல சார்ஸ் விசாரணை பண்ண நீதிபதி ஆர்ச்சி கேம்ப்பெல், விஞ்ஞானம் முழுசா உறுதியாகற வரைக்கும் பாதுகாப்ப தள்ளி போடாதீங்கன்னு அழுத்தமா எழுதிட்டு போனார். ஜப்பான்காரங்க 2020 மார்ச்லயே அப்டி தான் நடந்தாங்க, ஒரு நோயாளிகிட்ட இருந்து பின்னாடி போய் எங்க கூட்டமா தொத்துச்சுன்னு பாத்து, மூடுன இடம், நெரிசலான இடம், கிட்ட நின்னு பேசுற இடம் இந்த மூணையும் தவிருங்கன்னு ஜனங்களுக்கு சொல்லிட்டாங்க. மூணே மூணு வார்த்தை, சின்ன குழந்தைக்கு கூட புரியும். அடுத்த தொற்று வர்றப்ப எந்த அரசாங்கமா இருந்தாலும் மொத வாரமே இத தான் பண்ணனும், காத்துல பரவும்னு வச்சுக்கிட்டு ஆரம்பிங்க, இல்லன்னு நிரூபிச்சா அப்புறம் தளர்த்திக்கலாம்.

திரும்ப டப்பாவுக்கு வரேன், ஏன்னா இதோட பெரிய குறையும் அங்க தான் இருக்கு. இது அளக்கும், அவ்ளோ தான். சிவப்பு லைட் எரிஞ்சா ஜன்னல திறக்க ஆள் வேணும், திறக்கற மாதிரி ஜன்னல் வேணும், திறக்க அதிகாரமும் வேணும். அந்த வெயிட்டிங் ரூம்ல ஜன்னல் கண்ணாடி சட்டத்தோட சேத்து ஒட்டி வச்சிருக்கு. பிரிட்டன்ல 2021 ஆகஸ்ட்ல பள்ளிக்கூடங்களுக்கு 3 லட்சம் சிஓ2 மானிட்டர் தர்றோம்னு அறிவிச்சாங்க, நல்ல விஷயம், நான் மனசார பாராட்டுறேன். ஆனா நம்பர் சிவப்பா வந்த கிளாஸுக்கு? 2022 ஜனவரில கூடுதலா காத்து சுத்தம் பண்ற மெஷின் 7,000 தர்றோம்னு சொன்னாங்க. மூணு லட்சம் எங்க ஏழாயிரம் எங்க. டீச்சர் என்ன பண்ணுவாங்க, குளிர்ல ஜன்னல திறந்து புள்ளைங்கள கோட்டு போட்டு உக்கார வைக்கணும். நாடுகளுக்கும் இப்டி ஒரு மானிட்டர் இருந்துச்சு, 2019 அக்டோபர்ல குளோபல் ஹெல்த் செக்யூரிட்டி இண்டெக்ஸ்னு 195 நாடுகளுக்கு மார்க் போட்டாங்க, தொற்றுக்கு தயாரா இருக்கறதுல அமெரிக்கா முதலிடம், பிரிட்டன் ரெண்டாவது. அமெரிக்காவுல கோவிட்டால செத்தவங்க எண்ணிக்கை 2022ல 10 லட்சத்த தாண்டுச்சு. ஆஸ்பத்திரி, லேப், திட்ட அறிக்கை எல்லாம் எண்ணிட்டாங்க, அவசரத்துல யாரு முடிவு எடுப்பாங்க, ஜனங்க நம்புவாங்களாங்கறது மார்க்ல சரியா வரல.

உருப்படியா பண்ணவங்களும் இருக்காங்க. பெல்ஜியத்துல 2021லயே உணவகங்கள்லயும் ஜிம்லயும் சிஓ2 மீட்டர் கட்டாயம் ஆக்குனாங்க, 900ஐ இலக்கா வச்சு, வர்றவங்க கண்ணுக்கு தெரியற இடத்துல மாட்டணும். பாஸ்டன்ல அரசு பள்ளி வகுப்பறைகள்ல சென்சார் மாட்டி எந்த அப்பா அம்மாவும் நெட்ல பாக்கற மாதிரி ரீடிங்க திறந்து விட்டாங்க, எனக்கு ரொம்ப புடிச்சது இது தான், நம்பர ஒளிச்சு வைக்க முடியாதுல்ல. இத்தாலில மார்கே பகுதில 10,000க்கு மேல வகுப்பறைகள எடுத்து பாத்தாங்க, அதுல மெஷின் வச்சு காத்தோட்டம் பண்ண கிளாஸ் 316 தான், அந்த கிளாஸ்கள்ல கோவிட் தொத்துற வாய்ப்பு 74 சதவீதம் கம்மி, ஒரு மாணவருக்கு வினாடிக்கு 10 லிட்டருக்கு மேல காத்து குடுத்த இடத்துல இன்னும் கம்மி. தடுப்பூசி மாதிரி ஒரு நம்பர் இது, அதுவும் எந்த வைரஸ்னு தெரியாமலே வேலை செய்யும். புது நோய்க்கு தடுப்பூசிய 100 நாள்ல கொண்டு வரணும்னு இலக்கு வச்சு செப்பின்னு தடுப்பூசி ஆராய்ச்சிக்கு பணம் குடுக்கற அமைப்பு வேலை பண்ணிட்டு இருக்கு, அது நடக்கட்டும், ஆனா அந்த 100 நாளும் நாம எந்த காத்த மூச்சு விடுறது?

அதுக்கு ஒரு விடை எழுதி வச்சிருக்காங்க. ஆஷ்ரேன்னு கட்டிட காத்தோட்ட விதிகள் எழுதற அமைப்பு 2023 ஜூலைல 241ம் நம்பர் ஸ்டாண்டர்ட் வெளியிட்டுச்சு. அதுல ஒரு அருமையான யோசனை, கட்டிடத்துக்கு சாதாரண நாளுக்கு ஒரு மோடு, தொற்று பரவுற நாளுக்கு இன்னொரு மோடு. தொற்று வந்தா ஸ்விட்ச் மாத்துற மாதிரி வகுப்பறைல ஒரு ஆளுக்கு வினாடிக்கு 20 லிட்டர் சுத்தமான காத்துக்கு சமமா தரணும், அது வெளிக்காத்தா இருக்கலாம், ஃபில்டர் பண்ண காத்தா இருக்கலாம், புற ஊதா ஒளில கிருமி கொன்ன காத்தா கூட இருக்கலாம். தீ அணைக்கற சிலிண்டர நாம தினமும் யூஸ் பண்றதில்ல, ஆனா இல்லாம கட்டிடத்துக்கு அனுமதி குடுக்க மாட்டாங்க. இதுவும் அப்டி சட்டமா ஆகணும், இப்போ விருப்பம் இருந்தா பண்ணலாம்ங்கற நிலைமைல தான் இருக்கு. 2025 மே 20ல உலக சுகாதார சபை பெருந்தொற்று ஒப்பந்தத்த ஏத்துக்கிச்சு, மூணு வருஷத்துக்கு மேல பேசி முடிச்ச வேலை, அத நான் குறைச்சு பேசல, ஆனா எங்க அம்மா உக்காந்த ரூமுக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வர்றது உள்ளூர் கட்டிட விதில ஒரு வரி மாறுனா தான்.

காலராவுக்கு நாம என்ன பண்ணோம்னு பாருங்க. 1854ல லண்டன்ல ஜான் ஸ்னோன்னு ஒரு டாக்டர், காலரா தண்ணில பரவுதுன்னு பிராட் ஸ்ட்ரீட் தண்ணி பம்ப்ப காட்டுனார். ஆளுக்கு ஒரு தண்ணி டெஸ்ட் கிட் வாங்கி வச்சுக்கோங்க, உங்க பத்திரம் உங்க பொறுப்புன்னு விட்டிருந்தா இன்னிக்கும் காலரா ஊர ஊரா அழிச்சிட்டு இருக்கும். பாசல்கெட்னு ஒரு இன்ஜினியர் நகரம் முழுக்க கழிவுநீர் கால்வாய் கட்டுனார். இதுல விசேஷம் என்னன்னா அத கட்டுனது நாத்தத்த ஒழிக்க, நாத்தம் தான் நோய பரப்புதுன்னு நம்பி, அந்த நம்பிக்கை தப்பு, ஆனா கால்வாய் சரி. 1866ல காலரா திரும்ப வந்தப்ப கால்வாய் இன்னும் முழுசா இணைக்காத கிழக்கு லண்டன்ல தான் போட்டு தாக்குச்சு. நான் பைக்குள்ள மானிட்டர் தூக்கிட்டு அலையறது ஆளுக்கு ஒரு டெஸ்ட் கிட் மாதிரி தான். எனக்கு உதவுது, அந்த தூங்குற பாப்பாவுக்கு உதவல.

வாங்கறவங்களுக்கு இன்னும் சில விஷயம். இந்த நம்பர் வைரஸ் நம்பர் இல்ல. ரூம்ல ஹெப்பா ஃபில்டர் (காத்துல இருக்கற நுண்ணிய துகள புடிக்கறது) ஓடுனா வைரஸ் குறையும், ஆனா கார்பன் டை ஆக்சைடு அப்படியே இருக்கும், டப்பா வீணா பயமுறுத்தும். நாலு நல்ல ஃபில்டர டேப் போட்டு ஒட்டி மேல ஒரு ஃபேன் வச்சு பண்ற கோர்ஸி-ரோசன்தால் பெட்டிக்கும் அதே கதை தான், வேலை செய்யும் ஆனா மானிட்டர்ல தெரியாது. இதுக்கு நேர் எதிராவும் நடக்கும், 700 காட்டுற ரூம்ல உங்க முகத்துக்கு நேரா ஒருத்தர் இருமுனா நம்பர் உங்கள காப்பாத்தாது. அடுப்பு எரியற இடத்துல ரீடிங்க நம்பாதீங்க. டப்பாவுக்கு நேரா மூச்சு விடாதீங்க, 4,000 போகும். அப்புறம் முக்கியமா, நிறைய மாடல்ல தானா அளவு சரி பண்ற வசதி இருக்கு, போன சில நாள்ல வந்த கம்மியான நம்பர 400னு எடுத்துக்கும், டப்பாவ வெளில காட்டாம மூடுன ரூம்லயே மாசக்கணக்கா வச்சா பொய் சொல்ல ஆரம்பிச்சிடும். எனக்கு மூணாவது மாசம் அப்டி ஆச்சு, தெருவுல 310 காட்டுச்சு, அப்டி ஒரு காத்து இப்போ பூமிலயே இல்ல. பால்கனில நிழல்ல வச்சு மேனுவலா கேலிப்ரேட் பண்ணேன், சரியாயிடுச்சு, ஆனா இத பத்தி அந்த கையேட்டுல கடைசி பக்கத்துல பொடி எழுத்துல தான் போட்டிருக்கு, அதுக்கு ஒரு ஸ்டார் குறைக்கறேன். ஆப் பரவால்ல, ரீடிங்க ஃபைலா இறக்கிக்கலாம். பேட்டரி எட்டு மாசமா மாத்தல. அஞ்சுக்கு நாலு.

அந்த ஃபைல் தான் எனக்கு ரொம்ப உதவுச்சு. பொண்ணோட கிளாஸ் டீச்சர்கிட்ட கேட்டு ரெண்டு வாரம் டப்பாவ அலமாரி மேல வச்சேன், அவங்க தயங்குனாங்க, உங்க மேல குத்தம் சொல்ல இல்ல டீச்சர், நீங்களும் தானே தினமும் ஆறு மணி நேரம் இங்க மூச்சு விடுறீங்கன்னு சொன்னேன், சரின்னுட்டாங்க. காலைல 450ல ஆரம்பிச்சு பதினொன்ற மணிக்கு 2,800, இடைவேளைல இறங்கி திரும்ப ஏறுது, தினமும் அதே மலை மாதிரி கோடு. பிரின்ட் எடுத்து ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட காட்டுனதும் அவங்க பேசாம எந்திரிச்சு போய் மேல இருக்கற வென்டிலேட்டர் ஜன்னல பாத்தாங்க, பெயிண்ட் அடிச்சப்ப ஒட்டி போனது, யாரும் திறந்ததே இல்ல. ரெண்டு ஜன்னல், ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், இப்போ அதே கிளாஸ் 1,050ஐ தாண்டல. மத்த பதினஞ்சு கிளாஸையும் அளக்கணும்னு அவங்களே கேட்டு வாங்கி வச்சுக்கிட்டாங்க, அதனால டப்பா இப்போ என்கிட்ட இல்ல. அந்த கிளினிக்குக்கும் ஒரு லெட்டர் எழுதி ரீடிங்கோட குடுத்திருக்கேன், அடுத்த மாசம் அம்மாவுக்கு திரும்ப அப்பாயிண்ட்மென்ட் இருக்கு, போய்ட்டு வந்து இங்க சேக்கறேன்.